மூஞ்சிக்கு ஒரு விரதம்

இரண்டு பத்துக்கு மெஸ்ஸில் தட்டோடு உட்கார்ந்த மேகலாவுக்கு இரண்டு நாற்பதுக்குள் முகம் சரியாகிவிட வேண்டும். நடேசன் சார் வைத்த கெடு அப்படி. மூன்று வாரம் தருகிறேன், மூஞ்சியைச் சரி பண்ணிக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்றார். இன்றோடு இருபத்தொரு நாள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்று காலையிலேயே சொல்லியனுப்பிவிட்டார். பட்டுப் பிரிவுக்கு அவர்தானே மேனேஜர், எந்த மூஞ்சி மேலே முதல் மாடியில் நிற்கலாம், எந்த மூஞ்சி கீழ்த்தளத்துக் கிடங்கில் கிடக்கலாம் என்று தரம் பிரிப்பதும் அவர் வேலையில் சேர்த்தி போலிருக்கிறது. பார்க்கட்டும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகவே பார்க்கட்டும். வலது கன்னத்தில் ஏழு, இடது கன்னத்தில் நாலு, நெற்றியில் கணக்கில் வராத பொடிசுகள், தாடையோரம் முந்தாநாள் முளைத்து இப்போது வாயைத் திறந்தாலே விண்விண்ணென்று தெறிக்கிற ஒன்று. திருச்சியில் ஐந்து மாடி ஜவுளிக்கடை, முகூர்த்த மாதம் என்றால் நிற்க இடமில்லாத கூட்டம், அத்தனைக்கும் நடுவில் ஒரு பெண்ணின் தாடையில் மிளகளவு சிவந்திருப்பது இவ்வளவு பெரிய சங்கதி. மெஸ்ஸும் கீழ்த்தளத்தில்தான், கிடங்குக்கு அடுத்த அறை. ஜன்னல் கிடையாது. புதுத்துணியின் கஞ்சி வாசனையையும் சாம்பார் வாசனையையும் ஒன்றாகக் கலக்கி மின்விசிறி திரும்பத் திரும்ப மூக்கிலேயே கொண்டுவந்து போடும். இரண்டாம் பந்தியில் முப்பது பெண்கள், முப்பது எவர்சில்வர் தட்டு. இருபத்தொன்பதில் சோறும் சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் அப்பளமும். மேகலாவின் தட்டில் நாலு துண்டு வெள்ளரிக்காயும் ஒரு கொய்யாக்காயும் இருந்தன.

கொய்யாவைக் கடித்தாள். காய்வெட்டு. கடிக்கிற சத்தம் தனக்கே கேட்டது. உருளைக்கிழங்கைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தவுடன் கண் அங்கேதான் போயிற்று, ஓரம் முறுகி மஞ்சளும் கடுகும் ஒட்டியிருந்த உருளைக்கிழங்கு. கிழங்கைக் கூட டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் பெஞ்சில் தேய்ந்த பிறகு கிடைத்த நாலு நிமிஷத்தில் அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "சர்க்கரையும் பாலும் சில பேருக்கு முகப்பருவ அதிகமாக்குதும்மா. எல்லாருக்கும் இல்ல. இனிப்பு, மைதா, டீ, இதக் கொறச்சுப் பாரு. உனக்கு ஒத்துக்காதது எதுன்னு உன் ஒடம்புதான் சொல்லும். சாப்பாடு மட்டுந்தான் காரணம்னு நெனச்சுப் பட்டினி கெடக்காத. இந்த மருந்த ராத்திரில தடவு. கிள்ளாத." எத்தனை நாளில் போகும் என்று கேட்டாள். மூன்று மாதமாவது பார் என்றார், ஆறு மாதம்கூட ஆகும், தோல் தன் வேகத்தில்தான் மாறும் என்றார். நாட்டுச் சர்க்கரை சாப்பிடலாமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா சிரித்துவிட்டார், "வெல்லமும் சர்க்கரைதாம்மா." தோலுக்கு ஆறு மாதம், நடேசன் சாருக்கு மூன்று வாரம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் கொய்யாக்காய் கடிக்கிறாள். குறைத்துப் பார் என்றுதான் சொன்னார்கள். இவளுக்கு எதையும் குறைக்கத் தெரியாது, விடத்தான் தெரியும். மெஸ் சோற்றை விட்டாள், இட்லியை விட்டாள், ஞாயிற்றுக்கிழமைப் பாயசத்தை விட்டாள், எல்லாவற்றையும் விட்டுவிடலாம், அந்த நாலரை மணி டீயை விடுவதுதான் உயிரைப் பிடுங்குவதாக இருந்தது. பெரிய எவர்சில்வர் கேனில் சர்க்கரை போட்டே வரும், ஏலக்காய் வாசனை படிக்கட்டிலேயே முந்திக்கொண்டு வரும், காலையிலிருந்து நின்ற கால் இரண்டும் அந்த வாசனைக்கே ஒரு தரம் இளகும். முதல் வாரம் டீ வருகிற நேரத்தில் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். இருபத்து நாலு வயதுப் பெண் ஒரு டம்ளர் டீக்குப் பயந்து கழிவறையில் ஒளிந்துகொள்வதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த சகாயமேரி சாம்பாரை உறிஞ்சிவிட்டு, "என்னாடி, இன்னைக்கும் மாட்டுத் தீவனமா?" என்றாள். சகாயமேரி சுடிதார் பிரிவு, விடுதியில் பக்கத்துக் கட்டில். இந்தப் பத்தியம் எதற்கென்று தெரிந்த ஒரே ஆள். "நான் தவக்காலத்துக்குக் கறிய மட்டுந்தான் விட்டிருக்கேன், அதுக்கே கெடந்து சாகுறேன். நீ சோத்தையே விட்டுட்ட. ஆண்டவரே பாத்தா பயந்துருவாரு." மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததும் தாடை தெறித்தது. அந்த ஒன்று. அது ஏன் வந்தது? என்ன தின்றோம்? இந்தக் கேள்விதான் மூன்று வாரமாகத் தலைக்குள் செக்கு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊரே அவளுக்கு டாக்டர். துறையூரிலிருந்து அம்மா போனில், கோழி சூடு, தொடாதே. கிடங்கில் லேபிள் கட்டுகிற பெரியவர், வேர்க்கடலைதான் எண்ணெய் கக்கும், நிறுத்து. லிப்ட் ஓட்டுகிற அண்ணன், மாம்பழம். மாம்பழமே இன்னும் வரவில்லை அண்ணா என்றால், போன வருஷம் சாப்பிட்டது இப்போது வேலை செய்யும் என்கிறார். கத்திரிக்காய், முட்டை, கருவாடு, சாக்லேட், ஊறுகாய். ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி மறுப்பாள், ஆனால் எதையாவது தின்னாதே என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒற்றுமை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாள், "கடலமாவு போடு, எண்ணப் பலகாரம் நிறுத்து, வயித்தச் சுத்தம் பண்ணு" என்று மூன்று கட்டளை இட்டுவிட்டு சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கிப் போனாள். இதே மேகலா அந்த அம்மாளின் தொந்தியைப் பார்த்து, நீங்கள் ராத்திரியில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தால் பேருந்தே இரண்டாகியிருக்கும். முகத்தில் பரு உள்ள பெண்ணின் தட்டு பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் யாரும் அவள் தூங்கினாளா, அழுதாளா என்று கேட்டதில்லை.

அழவில்லை, அன்றைக்குக்கூட அழவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் கரூரிலிருந்து வந்த குடும்பம், பெண், பெண்ணின் அம்மா, இரண்டு அத்தைகள். பட்டுப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு, புடவையை மேசையில் விரித்துக் காட்டினால் பாதிதான் தெரியும், விற்கிற பெண் தன் தோளில் போட்டு, மடிப்பை எடுத்து, முந்தியை முன்னால் வீசி நிற்க வேண்டும், அப்போதுதான் எடுக்கிறவர்களுக்குத் தங்கள் பெண்ணே மணவறையில் நிற்பது கண்ணுக்குத் தெரியும். மேகலாவுக்கு அது கைவந்தது. எந்தப் பெண் எந்த நிறத்தை வாயால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே விரலால் மூன்றாவது தடவை தொடுகிறாள் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள். அம்மாவுக்குப் பிடித்ததை அம்மாவே ஒதுக்கும்படி பேசி, பெண்ணுக்குப் பிடித்ததை அம்மாவே எடுத்ததாக முடித்துவைப்பாள். அன்றைக்கும் அந்தக் கரூர்ப் பெண் அரக்குப் புடவையின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். மேகலா அதை எடுத்துத் தன் தோளில் போட்டாள். அரக்கு, பச்சைக் கரை, கன்னத்தோடு உரசுகிற மாதிரி முந்தி. பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்த அம்மா நடேசன் சாரைத் தள்ளி அழைத்துப்போய், மெதுவாகத்தான், ஆனால் பட்டுப் பிரிவின் ஏசி அமைதியில் எல்லாம் கேட்கும், "அந்தப் பொண்ணு மேல போட்ட பொடவ வேணாங்க. வேற பிரிக்காதது இருந்தா எடுங்க. நல்ல காரியத்துக்குப் போற பொடவ, மூஞ்சியெல்லாம் என்னமோ இருக்கு பாருங்க, ஒட்டிக்கிட்டா?" என்றாள். நடேசன் சாராவது, அது வெறும் பருதான், தொத்தாது என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. நாலே வார்த்தை. அவர் "கண்டிப்பாம்மா" என்றார். தோளில் புடவையோடு நின்ற மேகலாவுக்கு அதைக் கழற்றி மடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. மறுநாள் கிடங்கு. முகம் தெளிந்தால் மேலே, தெளியாவிட்டால் நிரந்தரமாகக் கீழே, புடவைக்கு லேபிள் கட்டிக் கவரில் போடுகிற வேலை. சம்பளம் அதேதான் என்று ஆறுதல் வேறு சொன்னார். பட்டை விரிக்கத் தெரிந்த கைக்கு அதைக் கவரில் அடைக்கிற வேலை கொடுத்துவிட்டு சம்பளம் அதேதான் என்கிற மனுஷனை என்ன செய்வது.

இதற்கு நடுவில் விரதம் வந்து சேர்ந்தது வேறு கதை. அதில் முழுத் தப்பும் மேகலாவுடையதுதான், அதை அவள் யார் தலையிலும் போடவில்லை. ஐந்தாம் நாள், புதன்கிழமை, இதே பெஞ்சில் வெள்ளரிக்காயோடு உட்கார்ந்திருந்தபோது காட்டன் பிரிவு பாக்கியம் அக்கா வந்து, "ஏன் புள்ள சோறு வாங்கல?" என்று கேட்டாள். முகத்துக்காக என்று சொல்ல நாக்கு வரவில்லை. சொன்னால் முப்பது பேரும் திரும்பி ஆளுக்கொரு காயை நிறுத்தச் சொல்வார்கள். "விரதம்க்கா" என்று வாயில் வந்துவிட்டது. சும்மா ஒரு வார்த்தை. மாசிக் கடைசி ஞாயிறு கழிந்து மூன்றாம் நாள் அது. சமயபுரத்தாள் தன் பிள்ளைகளுக்காகப் பட்டினி இருக்கிற காலம் தொடங்கியிருந்தது, இருபத்தெட்டு நாளைக்கு அம்மனுக்குச் சமைத்த படையல் கிடையாது, துள்ளுமாவும் பானகமும் நீர்மோரும் இளநீரும்தான். ஊரில் பாதிப்பேர் மஞ்சள் கட்டிக்கொண்டு கூடவே பட்டினி இருப்பார்கள். இதெல்லாம் மேகலாவுக்குத் தெரியாதா, திருச்சியிலேயே இருந்துகொண்டு? தெரியும், ஆனால் அந்த நிமிஷத்தில் நினைவில் இல்லை. பாக்கியம் அக்காவின் கண் விரிந்தது. "ஆத்தாளுக்கா? பச்சப் பட்டினியா?" மேகலா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. இரண்டு பிள்ளை பெற்ற, அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பாக்கியம் அக்கா சட்டென்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பானகம் வந்தது. எதை விட்டு ஓட அந்தப் பொய்யைச் சொன்னாளோ அதுவே சொம்பு சொம்பாகத் தேடி வந்தது. வெல்லத்தைக் கரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, விடியற்காலையில் எழுந்து கலக்கித் தூக்கில் கொண்டுவருவாள் பாக்கியம் அக்கா. பின்னாலேயே இன்னொருத்தி மோர். பில்லிங்கில் இருக்கிற பெண் பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்த துள்ளுமாவு. சர்க்கரை, பால், வெள்ளை மாவு, டாக்டரம்மா சொன்ன பட்டியலை யாரோ பார்த்துப் பார்த்துப் படையலாக மாற்றியிருந்தார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? விரதக்காரி பானகம் வேண்டாம் என்று சொல்லலாமா? மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் குடித்துவிட்டு, கிடங்கில் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, விடுதியில் அவித்துக் கொண்டுவந்த கொண்டைக்கடலையைத் திருடி மாதிரி தின்றாள். விரதக்காரி அவித்ததைத் தின்னலாமா என்று யாராவது பார்த்துவிட்டால்? பானகம் நன்றாக வேறு இருந்தது, அதுதான் கொடுமை. டீயை விட்ட நாக்கு அந்த வெல்லத்தை என்னமாய்ப் பிடித்துக்கொண்டது. போன செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கை கழுவுகிற தொட்டியில் மெதுவாகச் சாய்த்து ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். சுக்கு வாசனை தொட்டியிலிருந்து எழுந்து வந்தது. அம்மன் பேரைச் சொல்லிக் கொடுத்ததைத் தொட்டியில் ஊற்றினாய் என்றது மனசு. முந்தாநாள் தாடையில் அது முளைத்தது.

அதனால்தானா? இல்லை, குடித்த பானகத்தாலா? ஊற்றியதற்குத் தண்டனையா, குடித்ததற்கு விளைவா? இரண்டில் எதுவாக இருந்தாலும் பானகம்தான் என்று புத்தி சொன்னது, எதுவுமே இல்லாமல் சும்மாவும் வரும் என்று டாக்டரம்மாவின் குரல் சொன்னது, மாதவிலக்கு நெருங்கினாலும் வரும், சரியாகத் தூங்காவிட்டாலும் வரும் என்றது. அம்மன் இதற்கெல்லாமா வருவாள்? அவளுக்கு எத்தனை வேலை, மேகலாவின் தாடையில் வந்து உட்காருவதா வேலை? ஆனாலும் பயம் வந்தது. சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னவளுக்கு வருகிற பயம். உடனே அந்தப் பயத்தின் மேலேயே கோபம் வந்தது. முதலில் கோழி, அப்புறம் கடலை, அப்புறம் மாம்பழம், அப்புறம் பாவம். எதைக் கேட்டாலும் கடைசியில் தப்பு அவள் பேரில்தான் வந்து நிற்கிறது. நாக்கை அடக்காதவள், வாயை அடக்காதவள். கரூர்க்காரம்மா பேசிய பேச்சுக்கு அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லையே. "கண்டிப்பாம்மா" என்ற நடேசன் சார் மூக்கின் மேல் ஒன்று முளைக்கவில்லையே. மேகலா வெள்ளரித் துண்டை எடுத்து நறுக்கென்று கடித்தாள். நாற்பது நாள் சர்க்கரை தொடாவிட்டாலும் இந்த முகம் இப்படியே இருந்தால்? இருக்கலாம். எல்லாருக்கும் இல்லை, சில பேருக்குத்தான் என்றாரே. அந்தச் சில பேரில் தான் இல்லாமலும் போகலாம். அப்போது என்ன, அப்போதும் இதே முகத்தோடுதான் பல் தேய்க்க வேண்டும், பேருந்து ஏற வேண்டும், பேச வேண்டும், சாப்பிட வேண்டும். இதைவிட்டால் வேறு முகம் இல்லை. இந்த நினைப்பு முதல் தடவையாகப் பயமாக இல்லாமல், என்னவோ ஒரு திமிராக வந்தது. மணி இரண்டு இருபத்தெட்டு.

"நவுரு நவுரு" என்று குரல் கேட்டது. பாக்கியம் அக்கா தூக்கோடு வந்துகொண்டிருந்தாள். கையில் வாழையிலைக் கீற்றில் துள்ளுமாவு, குவித்து வைத்து மேலே ஒரு துளசி இலை. பின்னால் நடேசன் சார். மெஸ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மெஸ்ஸுக்குள் அவர் வந்தே யாரும் பார்த்ததில்லை, அதிலும் செருப்பைக் கழற்றிவிட்டு! முப்பது பேரின் கையும் பாதி வழியில் நின்றது. "நாந்தான் சார்ட்ட சொன்னேன்" என்றாள் பாக்கியம் அக்கா. முகமெல்லாம் பூரிப்பு. "பட்டினி கெடக்குற புள்ளைய இப்பிடி இருட்டு ரூம்புல போட்டு வச்சிருக்கீங்களேன்னு சொல்லிட்டேன்." நடேசன் சார் பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றார். குரல் பஞ்சாக இருந்தது. "ஏம்மா, இது ஆத்தா விசயம்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுலயும் சமயபுரந்தான். சரி, போனது போகட்டும், இன்னைக்கே மேல வந்துரு. மஞ்சச் சேல ஒண்ணு கட்டிக்கோ. கஸ்டமர் யாராச்சும் மூஞ்சியப் பாத்துக் கேட்டா, அம்மனுக்கு வெரதம்னு நானே சொல்லிக்கிறேன். கல்யாணப் பொடவ எடுக்க வர்றவங்களுக்கும் மங்களகரமா இருக்கும்."

மேலே. அவ்வளவுதானா? மேகலாவின் காதுக்குள் பட்டின் சரசரப்பே கேட்டுவிட்டது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, முகம் தெளியாமலேயே கிடைத்துவிட்டது, ஒன்றும் செய்ய வேண்டாம், துள்ளுமாவில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுத் தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். ஆட்டிப் பழகிய தலைதானே. சகாயமேரி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள், ஆட்டுடி, போடி மேலே என்று அர்த்தம். இதே ஏழும் நாலும் தாடையில் ஒன்றும், பரு என்றால் கிடங்கு, விரதம் என்றால் மங்களம். முகத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, பேர்தான் மாறியிருக்கிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம்? அரக்குப் புடவைகள் மேலே காத்திருக்கின்றன. கை நீண்டது. துள்ளுமாவின் மேல் விரல் படுகிறபோது ஒரு நினைப்பு முள்ளாகக் குறுக்கே விழுந்தது. "வெரதம் முடிஞ்சப்புறம் சார்?" என்று கேட்டாள். "முடிஞ்சப்புறம் என்ன? இன்னும் பத்து நாள் இருக்குல்ல. அதுக்குள்ள எல்லாத்தையும் ஆத்தா எறக்கிருவா, மூஞ்சி கண்ணாடியா ஆயிரும் பாரு" என்றார் நடேசன் சார், சிரித்துக்கொண்டே. பத்து நாள். மறுபடி ஒரு கெடு. மூன்று வாரம் போய் இப்போது பத்து நாள். பத்தாம் நாள் இதே பெஞ்சு, இதே வெள்ளரிக்காய், இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். அப்போது ஆத்தாவும் கைவிட்டவள் என்று வேறு பேராகும்.

விரலை எடுத்துக்கொண்டாள். "வெரதமெல்லாம் இல்ல சார்" என்றாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை. "இது பரு. சும்மா பரு. டாக்டர் இனிப்பையும் பாலையும் கொறச்சுப் பாக்கச் சொன்னாங்க, அதுக்குத்தான் சாப்பிடல. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வெரதம்னு பொய் சொல்லிட்டேன். இது ஒட்டிக்காது. யாருக்கும் ஒட்டிக்காது. போறதுக்கு ஆறு மாசம் ஆகும், போகாமயும் இருக்கும்." நடேசன் சாரை அவள் பார்க்கவில்லை, பாக்கியம் அக்காவைத்தான் பார்த்தாள். அவள் பயந்தது அந்த முகத்துக்குத்தான். பாக்கியம் அக்காவின் பூரிப்பு மெல்ல வடிந்தது. "அப்ப நான் கலந்துட்டு வந்த பானகம்?" என்று கேட்டாள். "ரெண்டு நாள் ஊத்திட்டேன்க்கா. மத்த நாளெல்லாம் குடிச்சேன். ரொம்ப நல்லாருந்துச்சு. அதான்க்கா பிரச்சனையே." யாரோ ஒருத்தி களுக்கென்றாள். பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. தூக்கைத் திறந்து, டம்ளரில் ஊற்றி, மேகலாவையே முறைத்துப் பார்த்தபடி பானகத்தைத் தானே மடக்மடக்கென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பாவி மக" என்றாள். எழுந்து போகவில்லை.

நடேசன் சாரின் குரலில் பஞ்செல்லாம் போயிருந்தது. "ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டு நிமிந்து வேற பேசுறியா? நீ கீழயே கெட."

"எதுக்கு சார் கீழ? பொய் சொன்னதுக்கா, பரு இருக்குறதுக்கா?" மேகலா எழுந்து நின்றாள். "பொய்க்குன்னா அது எனக்கும் ஆத்தாளுக்கும் உள்ளது. அக்காகிட்ட மன்னிப்பும் கேட்டுக்குவேன். பருவுக்குன்னா இங்கேயே சொல்லுங்க சார். மூஞ்சில பரு இருக்குறவ மேல நிக்கக் கூடாதுன்னு, இவங்க எல்லார் முன்னாடியும் ஒரு தடவ சொல்லிருங்க. நான் போயி லேபிள் கட்டுறேன்."

நடேசன் சார் வாயைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். முப்பது முகங்களும் தட்டிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சுடிதார் பிரிவில் இரண்டு பேருக்குப் பரு, பில்லிங் பெண்ணுக்கு நெற்றி முழுக்க, பாக்கியம் அக்காவுக்குக் கன்னமிரண்டிலும் மங்கு, சகாயமேரிக்குச் சின்ன வயதில் அம்மை போட்ட குழிகள், ஒருத்தி உதட்டோரம் வெண்படை. பவுடரைப் பூசிக்கொண்டு தினமும் காலை ஒன்பதரைக்கு அவர் முன்னால் வரிசையில் நிற்கிற முகங்கள்தான், வியர்வையில் பவுடர் கரைந்து இந்த நேரத்தில் அவர் பார்த்ததில்லை. ஒருத்தியும் கண்ணைத் தாழ்த்தவில்லை. சகாயமேரி அப்பளத்தை எடுத்து மெதுவாகக் கடித்தாள், அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் யாரையும் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு. எல்லாரும் அவங்கவங்க செக்‌ஷனுக்குப் போங்க" என்றார்.

"எல்லாரும்னா நானுந்தான சார்" என்று கேட்டாள் மேகலா. பதில் வருவதற்குள் பட்டுப் பிரிவுக்குப் படியேறிவிட்டாள்.